தடம் புரட்டும் கருவி



பெங்களூரில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு ஒரு செய்தி கால் வழியாகவே தெரிந்திருக்கும். இந்நகரம் சமதரை அன்று. கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 920 மீட்டர் உயரத்தில், ஒரு முதுகுமேட்டின் மீது இது அமர்ந்திருக்கிறது. மேட்டின் மேற்குச் சரிவில் விழும் மழை விருஷபாவதி வழியாக அர்க்காவதியில் கலந்து காவிரியை அடைகிறது. கிழக்குச் சரிவில் விழுவதோ தென்பெண்ணையைச் சேர்ந்து, கிருஷ்ணகிரி அணையையும் சாத்தனூர் அணையையும் கடந்து, கடலூர் அருகே கடலில் கலக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே குடியேறியவர்கள் இச்செய்தியை ஒரு வேடிக்கையோடு சொல்லிக்கொள்வதுண்டு. சைக்கிளில் போகிறவனுக்கோ இதில் வேடிக்கை ஒன்றுமில்லை. ஓர் ஏற்றம் முடிந்தால் ஓர் இறக்கம். இறக்கத்தின் இன்பம் தீருமுன் அடுத்த ஏற்றம்.

இந்த மேடுபள்ளங்களின் மீது ஒரு தலைமுறைத் தமிழர்கள் நாள்தோறும் சைக்கிளில் வேலைக்குப் போனார்கள். 1884-ல் தோன்றிய துணி ஆலை ஒரு சாராரை ஈர்த்தது. 1940-ல் விமானத் தொழிற்சாலையும், 1948-ல் தொலைபேசித் தொழிற்சாலையும், 1953-ல் எச்.எம்.டி.யும், 1954-ல் பாரத் எலெக்ட்ரானிக்ஸும் எழுந்தபோது மேலும் பல்லாயிரவர் வந்தனர். அல்சூரிலிருந்தும் மர்பி டவுனிலிருந்தும் காக்ஸ் டவுனிலிருந்தும் காலைச் சங்குக்கு முன்னரே புறப்படும் சைக்கிள் கூட்டத்தைக் கண்டவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கேரியரில் சாப்பாட்டு அடுக்கு, கால்சட்டையின் கீழ்நுனியில் ஒரு கிளிப்பு, ஹாண்டில்பாரில் ஒரு பை. அந்த வண்டிகளில் கியர் என்பது கிடையாது. முன்னே ஒரு பல்சக்கரம், பின்னே ஒரு பல்சக்கரம், நடுவே ஒரு செயின், அவ்வளவுதான்.

முன்னே 44 பற்கள், பின்னே 18 பற்கள் என்று வைத்துக்கொள்வோம். பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் பின்சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்றுச் சுற்றும். வண்டி சுமார் ஐந்தரை மீட்டர் நகரும். ஏற்றமானாலும் இறக்கமானாலும், எதிர்க்காற்றானாலும், பின்னால் மனைவியும் முன்தண்டில் குழந்தையும் இருந்தாலும், ஒரு சுற்றுக்கு அதே ஐந்தரை மீட்டர்தான். ஏற்றத்தில் சைக்கிளை மாற்ற முடியாது, மனிதன்தான் மாறவேண்டும். அதாவது, இறங்கித் தள்ளவேண்டும்.

அப்படி முப்பது ஆண்டுகள் மிதித்தும் தள்ளியும் வந்த பெரியவர் ஒருவர் என் அண்டை வீட்டுக்காரர். ஜாலஹள்ளிப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் லேத்தில் நின்று ஓய்வு பெற்றவர்; திருப்பத்தூர்ப் பக்கத்துக்காரர். அவருடைய பேரன் பழைய கியர் சைக்கிள் ஒன்றை வாங்கி வந்தான். பின்சக்கரத்தில் எட்டுப் பல்சக்கரங்கள் ஓர் அடுக்காக இருந்தன. வாங்கிய இரண்டாம் வாரமே அது கடகடவென்று ஓசையிடத் தொடங்கியது. மூன்றாம் பல்லில் நிற்கவேண்டிய செயின் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே தடுமாறியது. கடைக்கு எடுத்துப் போனான். அங்கே செயின், பின் அடுக்கு, கியர் எல்லாவற்றையும் மாற்றவேண்டும் என்று சொல்லி, சைக்கிளின் விலையில் பாதிக்குமேல் கணக்குப் போட்டுக் கொடுத்தார்களாம்.

பையன் வாடிய முகத்தோடு வந்து, "தாத்தா, எல்லாத்தையும் மாத்தணும்னு சொல்றாங்க" என்றான்.

பெரியவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, "முதல்ல அது என்ன வேலை செய்யுதுன்னு பார்ப்போம்டா. அப்புறம் மாத்தலாம்" என்றார்.

அன்று மாலை வாசலில் நடந்ததைச் சொல்வதற்கு முன்னால், அந்தக் கருவி எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அதிலுள்ள ஒவ்வொரு திருகாணிக்கும் பின்னால் யாரோ ஒருவருடைய பிடிவாதம் இருக்கிறது.

இன்று நாம் காணும் வடிவத்தில் சைக்கிள் அமைந்தது 1885-ல், இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி செய்த 'ரோவர்' வண்டியில். அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன், 1880-ல், மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்டு என்பவர் உருளைச் செயினுக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். 1888-ல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். ஆகவே எட்டே ஆண்டுகளில் சைக்கிள் ஏறக்குறைய முழுமை பெற்றுவிட்டது. குறையாக நின்றது ஒன்றுதான்: மலை.

பிரான்சு நாட்டில் சேன்ட் எத்தியேன் என்னும் ஊரில் பால் தெ விவி என்று ஒருவர் இருந்தார். பிறந்தது 1853-ல். முதலில் பட்டு வியாபாரி. சைக்கிளின் மீது கொண்ட மோகத்தால் பட்டை விட்டுவிட்டுச் சைக்கிள் கடை வைத்தார். 1887-ல் சைக்கிள் ஓட்டிகளுக்கென்றே ஒரு பத்திரிகையும் தொடங்கினார். அதில் அவர் சூட்டிக்கொண்ட புனைபெயர் 'வெலோசியோ'. அந்த ஊருக்கு அருகே 1,161 மீட்டர் உயரமுள்ள ஒரு கணவாய் உண்டு. ஒருநாள் அவர் ஒற்றைப் பல்லோடு அதில் மூச்சிரைக்க ஏறிக்கொண்டிருக்கையில், அவருடைய வாசகர் ஒருவரே, வாயில் சுங்கானைப் புகைத்தபடி, அவரைத் தாண்டிப் போனாராம். இக்கதை எவ்வளவு உண்மையோ, அவருடைய பிற்கால வாழ்க்கை முழுதும் அந்தச் சுங்கான்காரருக்குப் பதில் சொல்வது போலவே அமைந்தது. ஏற்றத்துக்கு ஒரு பல், சமதரைக்கு ஒரு பல், இறக்கத்துக்கு ஒரு பல் என்று மாற்றிக்கொள்ள வழி வேண்டும் என அவர் ஓயாது எழுதினார். தம் வண்டிகளிலேயே செய்தும் பார்த்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து மற்றொன்றுக்கு நகர்த்தும் கருவிகள் பிரான்சில் தலைகாட்டின.

அந்தக் கருவிக்குப் பிரெஞ்சுக்காரர் இட்ட பெயர் வேடிக்கையானது. 'டிரெய்லியர்' என்பது ரயில்வே சொல்லிலிருந்து வந்தது. தடம் புரட்டுவது என்று பொருள். ரயில் தடம் புரண்டால் பத்திரிகைகளில் தலைப்புச் செய்தி. இங்கோ தடம் புரள்வதே நோக்கம். ஆனால் எந்தத் தடத்திலிருந்து எந்தத் தடத்துக்கு என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

பால் தெ விவிக்கு எதிராக நின்றவர் சாமானியர் அல்லர். 1903-ல் பிரான்சைச் சுற்றிவரும் மாபெரும் சைக்கிள் பந்தயத்தைத் தொடங்கிய ஆன்ரி தெக்ராஞ்ச் அவர். அதற்கு முந்திய ஆண்டில், 1902-ல், ஒரு சோதனைப் போட்டி நடந்தது. மலைப்பாதையில் ஒற்றைப் பல் வண்டியில் ஒரு பந்தய வீரர். மூன்று பற்களை மாற்றக்கூடிய வண்டியில் மார்த் எஸ் என்னும் ஒரு பெண்மணி. அந்தப் பெண்மணியின் வண்டியே வென்றது. தெக்ராஞ்சு தம் பத்திரிகையில் எழுதிய பதில் இன்றளவும் பேசப்படுகிறது. கியர் என்பது நாற்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்கு உரியது. தசையின் வலிமையால் வெல்வதே வெற்றி, கருவியின் தந்திரத்தால் வெல்வது வெற்றியாகாது என்பது அவருடைய கருத்தின் சாரம். தமக்கு ஒற்றைப் பல்லே போதும் என்றும் சொல்லிக்கொண்டார்.

எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. பந்தயத்தில் ஓடுகிறவனுக்குக் கஷ்டம் ஓர் அலங்காரம். அவனைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுவார்கள். வேலைக்குப் போகிறவனுக்குக் கஷ்டம் வெறும் கஷ்டம். கஷ்டப்படுவதே பெருமை என்று முடிவு செய்தவர், மலையில் மிதிக்கிறவர் அல்லர். காரில் பின்தொடர்ந்து வந்தவர். ஏறக்குறைய முப்பத்தைந்து ஆண்டுகள் அந்தப் பந்தயத்தில் கியர் மாற்றும் கருவிக்குத் தடை இருந்தது. வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றி, மறுபுறத்திலிருந்த வேறு பல்லின் பக்கமாகத் திருப்பி மாட்டிக்கொண்டு ஏறினார்கள். உச்சியில் மறுபடியும் இறங்கித் திருப்பினார்கள். தெக்ராஞ்சு நோய்வாய்ப்பட்டு 1936-ல் பொறுப்பிலிருந்து விலகினார். அடுத்த ஆண்டே, 1937-ல், தடை நீங்கியது. அவ்வாண்டு கியர் கருவியோடு ஓடி வென்றவர் ரோஷே லாபெபி. இதைக் காண வெலோசியோ இல்லை. 1930-ல், சேன்ட் எத்தியேன் தெருவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகையில் டிராம் வண்டி மோதி அவர் இறந்துபோனார்.

சக்கரத்தைத் திருப்பி மாட்டுவதன் துன்பத்திலிருந்தே இன்னொரு வரலாறும் பிறந்தது. 1927 நவம்பரில் வட இத்தாலியின் மலைக்கணவாய் ஒன்றில், பனியில் விரல்கள் விறைத்து, சக்கரத்தின் இறக்கைத் திருகாணியைக் கழற்ற முடியாமல் துல்லியோ கம்பாஞோலோ என்ற வீரர் பந்தயத்தை இழந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அவரே பின்பு ஒரே நெம்பில் சக்கரம் கழலும் அச்சை அமைத்தார். 1933-ல் விசென்சா நகரில் தொழிற்சாலை கண்டார். அவருடைய நிறுவனம் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கொண்டுவந்த கருவியில் ஓர் இணைகரச் சட்டம் இருந்தது. நாற்புறமும் மூட்டுள்ள அந்தச் சட்டம், கேபிள் இழுத்தால் உள்ளே சாயும். விட்டால் ஸ்பிரிங்கின் வலிமையால் வெளியே வரும். இன்று நம் வீட்டுச் சைக்கிளில் தொங்குவதும் அதன் வாரிசுதான்.

அந்தக் கேபிளைப் பற்றியும் ஒரு வார்த்தை. உறைக்குள் ஓடும் எஃகு இழைக்கு 1896-ல் காப்புரிமை பெற்றவர் எர்னஸ்ட் பௌடன். ராலே சைக்கிள் தொழிற்சாலையின் தலைவராக இருந்த பிராங்க் பௌடன் வேறு ஒருவர். இருவரையும் ஒருவராக்கிப் பேசுகிறவர்கள் உண்டு. பின்னவர் 1902-ஐ ஒட்டி சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே மூன்று கியர்களை அடக்கிய ஸ்டர்மி-ஆர்ச்சர் கருவியை ஆதரித்து வளர்த்தவர். அது தனி வரலாறு, இப்போது வேண்டாம்.

இனி ஜப்பான். ஒசாகா அருகே மாயெதா என்னும் தொழிற்சாலை 1964-ல் அந்த இணைகரச் சட்டத்தைச் சற்றே சாய்த்து வைத்தது. சாய்த்ததன் பயன் என்னவென்றால், சட்டம் உள்ளே போகும்போதே கீழேயும் இறங்கும். ஆகவே சிறிய பல்லானாலும் பெரிய பல்லானாலும் வழிகாட்டும் உருளைக்கும் பல்லுக்கும் இடையே உள்ள தூரம் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். பார்த்தால் சிறிய மாற்றம். அதன் காப்புரிமை முடிவடைந்த பின் மற்றவர்களும் அதை எடுத்துக்கொண்டார்கள். 1921-ல் சகாய் நகரில் தொடங்கப்பட்ட ஷிமானோ நிறுவனம் 1984-ல் சொடுக்கு கியரை வெளியிட்டது.

அதற்கு முன்னெல்லாம் கியர் மாற்றும் நெம்புகோலுக்கு நிலைகள் இல்லை. வானொலிப் பெட்டியில் நிலையத்தைப் பிடிப்பது போல, மெல்லத் திருகி, செயின் ஓசை அடங்கும் இடத்தைக் காதால் கண்டுபிடித்து நிறுத்தவேண்டும். 1984-க்குப் பிறகு 'டிக்' என்று ஒரு சொடுக்கு. செயின் அடுத்த பல்லில் போய் உட்காரும். காதுக்கு வேலை இல்லை. ஆனால் வேலை மறைந்துவிடவில்லை, இடம் மாறிற்று. ஓட்டுகிறவனுடைய காதில் இருந்த நுட்பம் கேபிளின் இறுக்கத்தில் போய் ஒளிந்துகொண்டது. எட்டுப் பற்கள் உள்ள சாதாரண அமைப்பில் ஒரு சொடுக்குக்குக் கேபிள் ஏறக்குறைய 2.8 மில்லிமீட்டர் நகர்கிறது. கருவி அதை 1.7 மடங்காக்கி, ஏறத்தாழ 4.8 மில்லிமீட்டர் உள்ளே போகிறது. ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடைவெளி அதே 4.8 மில்லிமீட்டர். கேபிள் ஒரு மில்லிமீட்டர் தளர்ந்தால் இந்தக் கணக்கு முழுவதும் தவறிவிடும். பையனுடைய சைக்கிளில் நடந்தது இதுதான். ஒன்றும் தேய்ந்துபோகவில்லை.

பெரியவருக்கு இவ்வரலாறு எதுவும் தெரியாது. அவர் செய்ததைச் சொல்கிறேன்.

முதலில் சைக்கிளின் பின்னால் குந்தி உட்கார்ந்து, கருவி தொங்கும் கொக்கி நேராக இருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். வண்டி வலப்புறமாக விழுந்தால் சட்டம் பாழாகாமல் இந்தக் கொக்கியே வளையும்படி மென்மையாகச் செய்திருக்கிறார்கள். அது வளைந்திருந்தால் எந்தத் திருகாணியைத் திருகியும் பயனில்லை. நேராகவே இருந்தது. பழைய துணியால் செயினையும் இரண்டு உருளைகளையும் துடைத்தார். ஜன்னல் கம்பியில் கயிறு கட்டிச் சீட்டைத் தூக்கி மாட்டினார். தலைகீழாக நிறுத்தினால் சொடுக்குப் பிடிக்க வசதிப்படாது.

கருவியின் பின்புறம் இரண்டு சிறு திருகாணிகள் இருந்தன. ஒன்றன் அருகே ஆங்கில எழுத்து எச், மற்றதன் அருகே எல். "இது ரெண்டும் வேலி மாதிரிடா. ஒண்ணு வெளிப்பக்கம் போகாம தடுக்குது, ஒண்ணு உள்பக்கம் போகாம தடுக்குது" என்றார். அதைக் கண்டுபிடிக்க அவருக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. கேபிளைத் தளர்த்திவிட்டு, செயின் மிகச் சிறிய பல்லில் இருக்கும்போது மேல் உருளை அந்தப் பல்லின் வெளிவிளிம்புக்கு நேர் கீழே நிற்கும்படி எச் திருகாணியைத் திருத்தினார். அதைச் சரியாக வைக்காவிட்டால் செயின் வெளியே விழுந்து சட்டத்துக்கும் பல்லுக்கும் நடுவே சிக்கும். பிறகு கேபிளை விரலால் இழுத்துப் பிடித்து, ஆலன் சாவியால் இறுக்கினார்.

அடுத்தது எல். கருவியைக் கையால் தள்ளி, செயினை மிகப் பெரிய பல்லில் ஏற்றினார். அதற்கு மேல் கருவி ஒரு மயிரிழையும் உள்ளே போகாதபடி திருகாணியை நிறுத்தினார். இங்கே மட்டும் அவசரம் கூடாது. இந்த வேலி தளர்ந்திருந்தால், ஏற்றத்தில் முழுப் பலத்தோடு மிதிக்கும்போது செயின் பல்லைத் தாண்டி ஸ்போக்குகளில் விழும்; கருவியும் அதோடு சுழன்று நொறுங்கும். பின்சக்கரம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். நந்தி மலைப் பாதையில், பின்னால் வண்டிகள் வருகையில், அப்படி நின்றால் என்ன ஆகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. இன்னொரு திருகாணி, மேல் உருளைக்கும் பெரிய பல்லுக்கும் இடையே ஐந்தாறு மில்லிமீட்டர் இடைவெளி வைப்பது, சரியாகவே இருந்தது. அதை அவர் தொடவில்லை. சரியாக இருப்பதைத் தொடாமல் விடுவதும் தொழிலில் ஒரு பகுதி.

கடைசியாக, கேபிள் உறை கருவிக்குள் நுழையும் இடத்திலுள்ள பீப்பாய் வடிவத் திருகு. பையன் பெடலைக் கையால் சுற்ற, பெரியவர் ஒரு சொடுக்குக் கொடுத்தார். செயின் இரண்டாம் பல்லில் ஏறத் தயங்கியது. பின்னாலிருந்து பார்க்க இடப்புறமாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிராக, பீப்பாயை அரைச் சுற்றுத் திருப்பினார், கேபிள் இறுகியது. மறுபடி சொடுக்கு. ஏறிற்று, ஆனால் லேசாக உரசியது. இன்னும் கால் சுற்று. உரசல் நின்றது. ஒருவேளை செயின் மூன்றாம் பல்லையும் தொட்டு ஒலித்திருந்தால் மறுபுறம் திருப்பியிருக்கவேண்டும். அரைச் சுற்று என்பது கேபிளில் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான்.

"அவ்வளவுதானா தாத்தா?" என்று பையன் கேட்டான்.

"அரை மில்லிமீட்டர்னா அவ்வளவுதானான்னு கேக்கறியா? லேத்துல அரை மில்லிமீட்டர் தப்பினா அந்தப் பீஸ் குப்பைக்குப் போகும்" என்றார் பெரியவர். அவர் கண்ணை மூடிக்கொண்டு செயினின் ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்தச் சைக்கிளில் முன்னே 42 பற்கள். பின்னே சிறியதில் 14, பெரியதில் 28. சிறியதில் ஒரு சுற்றுக்கு வண்டி 6.3 மீட்டர் போகும், பெரியதில் 3.15 மீட்டர், சரியாகப் பாதி. பெரியவர் இதைக் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு நெடுநேரம் பேசாதிருந்தார். தம்முடைய பழைய வண்டி அம்பத்தூரில் செய்தது என்று பிறகு சொன்னார். 1949-ல் முருகப்பா குடும்பத்தார் பர்மிங்காம் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து சென்னையை அடுத்த அம்பத்தூரில் தொடங்கிய தொழிற்சாலையின் ஹெர்குலிஸ் அது. நல்ல வண்டி, முப்பது ஆண்டுகளில் சட்டத்தில் ஒரு விரிசல் இல்லை என்றார். யஷ்வந்தபுரத்துப் பக்கம் ஓர் ஏற்றத்தைக் குறிப்பிட்டு, "அந்த மேட்டுல ஒருநாளும் இறங்காம ஏறினதில்லை. நைட் ஷிஃப்ட் முடிச்சு வர்றப்போ தள்ளிக்கிட்டேதான் வருவேன். என் கால்லதான் பலம் இல்லைன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்" என்றார்.

பையன் சைக்கிளை எடுத்துக்கொண்டு தெருவை இரண்டு முறை சுற்றி வந்தான். எட்டுப் பற்களிலும் செயின் போய் உட்கார்ந்தது. பிறகு அவன் இறங்கி, "தாத்தா, நீங்க ஒரு ரவுண்டு போங்க" என்றான். பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். தெருக்கோடியிலிருக்கும் மேடு வரை போனார். எங்கள் இடத்திலிருந்து பார்க்க, மேட்டின் நடுவில் ஒருகணம் வண்டி தயங்கிற்று, பின்பு 'டிக் டிக்' என்று இரண்டு சொடுக்கு கேட்டது, மெல்ல ஏறி மறைந்தார்.

பத்து நாள் கழித்து மறுபடியும் லேசாக உரசல் கேட்டது. இதுவும் இயல்பே, இறுக்கிய கேபிளின் உறைகள் ஓட்டத்தில் தத்தம் குழிகளில் அழுந்தி உட்காருவதால் சிறிது தளர்ச்சி தோன்றும். இம்முறை தாத்தாவை யாரும் அழைக்கவில்லை. பையனே பீப்பாயைக் கால் சுற்றுத் திருப்பிவிட்டுப் பள்ளிக்குப் போனான்.